கிளாத்தித் தோலும் ஒரு வாளி சுடுதண்ணியும்

என் மனைவியின் வலது கைக் கட்டைவிரல் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் இரண்டு பேரும் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் வெட்டினோம். மீன் விற்பது வேறு ஆட்கள். ஜனங்கள் அங்கே வாங்கி, பையோடு எங்களிடம் வருவார்கள். ஒரே பலகை, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள். வஞ்சிரம், கொடுவா, சுறா எல்லாம் எனக்கு. சங்கரா, நெத்திலி, கிளாத்தி அவளுக்கு. என்னிடம் கத்தி. அவளிடம் அருவாமனை.

பெரிய மீன் வெட்டுகிறவனுக்கு மார்க்கெட்டில் ஒரு மதிப்பு உண்டு. கல்யாண வீட்டு ஆர்டர் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். துண்டு ஒன்றுக்கொன்று பிசகாது. அந்த மதிப்பில்தான் நான் இருந்தேன். அது போதும் என்றுதான் இருந்தேன்.

கிளாத்தியை அப்போது யாரும் பெரிதாக வாங்க மாட்டார்கள். தலையில் ஒரு முள் கொம்பு மாதிரி நிற்கும். தோல் உப்புத்தாள் போல இருக்கும். செதில் கிடையாது, தோலை உரித்தே ஆகவேண்டும். அவள் கொம்புக்குப் பின்னால் ஒரு கீறல் போடுவாள். கட்டைவிரலை உள்ளே விடுவாள். ஒரு இழுப்பு. சட்டையைக் கழற்றுவது போல முழுத்தோலும் கையோடு வந்துவிடும். சதை ஒரு பொட்டு ஒட்டாது. நான் செய்தால் பாதியில் கிழியும். அதனால் நான் கிளாத்தியைத் தொடுவதில்லை. அது பொம்பளை வேலை என்று சொல்லிவிடுவேன்.

உரித்த தோல் எல்லாம் கூடையில் போகும். சாயங்காலம் குப்பை வண்டி எடுத்துப் போகும்.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். தோளில் காலேஜ் பை. மூக்கில் கைக்குட்டை. கையில் ஒரு ஐஸ் பெட்டி. பொத்தேரி பக்கத்துக் காலேஜில் ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னாள்.

"அண்ணா, மீன் தோல் வேணும்."

"மீன் இன்னா மீன்?"

"மீன் வேணாம் அண்ணா. தோல் மட்டும்."

பக்கத்துப் பலகைக்காரன் சிரித்தான். "எத்துகினு போம்மா. இந்தாண்ட கொடலு கூட கீது."

நான் கூடையில் இருந்து இரண்டு கை அள்ளிப் போட்டேன். என் சுறாத் தோல், என் கொடுவாத் தோல். எதற்கு என்று கேட்டேன். தோலில் இருந்து ஜெலட்டின் எடுக்கப் போவதாகச் சொன்னாள். எங்களுக்குப் புரியவில்லை. ஜெல்லி மிட்டாய் ஆடுகிறது இல்லையா, ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்கிறது இல்லையா, மாத்திரைக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு உறை இருக்கிறது இல்லையா, அதெல்லாம் அதுதான் என்றாள். மாடு, பன்றித் தோல், எலும்பில்தான் எடுக்கிறார்களாம். பல பேர் அதைச் சாப்பிட மாட்டார்கள். மீன் தோலில் எடுத்தால் அவர்களும் சாப்பிடலாமாம்.

"இத்தையா திம்பாங்க?" என்று என் மனைவி கூடையைப் பார்த்தாள்.

"நீங்களே சாப்பிடுவீங்க அக்கா, பாருங்க."

அடுத்த வாரம் அந்தப் பெண் திரும்ப வந்தாள். நான் கொடுத்ததில் சதை ஒட்டியிருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, கலங்கிப் போகிறது என்றாள். சொல்லிக்கொண்டே இருந்தவள் பேச்சை நிறுத்தினாள். என் மனைவி அப்போது கிளாத்தி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது எப்படி? இன்னொரு தடவை பண்ணுங்க."

அவள் பண்ணினாள். அந்தப் பெண் தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்துவிட்டாள். "இதுதான் அக்கா எனக்கு வேணும். இதே மாதிரி."

பதினொரு வருஷம் ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். என் வெட்டை யாரும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததில்லை.

ஒரு மாதத்தில் என் மனைவியைக் காலேஜுக்கே கூப்பிட்டார்கள். செவ்வாய், வெள்ளி காலையில். மார்க்கெட்டில் முந்தின நாள் சேர்த்த தோலை ஐஸ் போட்டு எடுத்துப் போகவேண்டும். அங்கே போய் அதைத் துண்டு போட்டு, அவர்கள் சொல்கிறபடி ஊறவைத்துக் கழுவவேண்டும். மூன்று மாதம் பார்ப்பார்கள். வேலை பிடித்து, ஜெலட்டினும் ஒழுங்காக வந்தால் அங்கேயே நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். அந்த லேபுக்கு ஒரு பெரிய சார் இருந்தார். முடிவு அவர் கையில்.

அவளுக்கு அந்த வேலை வேண்டும். கேட்காமலே தெரியும். ஈரத்தில் உட்கார்ந்து அவளுக்கு இடுப்பு போயிருந்தது. அங்கே நாற்காலி இருந்தது. ஃபேன் இருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் நான் தனியாக உட்கார்ந்தேன். கிளாத்தியோடு வருகிறவர்கள், "அக்கா இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பலகைக்குப் போனார்கள்.

பக்கத்துப் பலகைக்காரன் விடமாட்டான். "இன்னா மச்சான், அக்கா காலேஜ் போவுதாமே. பரீட்சை எப்போ?"

"வேலையைப் பாருடா."

"நீ அஞ்சாவது. அது காலேஜ். வூட்ல யாரு சோறு ஆக்கறது, நீயா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுறாவின் தலையில் கத்தியைக் கொஞ்சம் வேகமாக இறக்கினேன்.

நாங்கள் முடிச்சூரில் குடியிருந்தோம். அவள் வீட்டுக்கு வந்து எல்லாம் சொல்வாள். தோலை முதலில் சலவை சோடா மாதிரி காரத்தண்ணியில் போடுவார்களாம். பிறகு வினிகர் மாதிரி புளித்த தண்ணியில். தோல் ஊதிப்போய் வெள்ளையாக ஆகுமாம். நல்ல தண்ணியில் பல தடவை அலசுவார்களாம். அப்புறம் கை பொறுக்கிற சூட்டில் தண்ணி வைத்து மணிக்கணக்காக விடுவார்களாம். தோலில் இருக்கிற பசை எல்லாம் தண்ணியில் இறங்கிவிடும். அதை வடிகட்டித் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடிக் காகிதம் போல உரிந்து வருமாம்.

"அந்தப் பொண்ணு எல்லார்ட்டயும் இன்னா சொல்லுது தெரியுமா? அக்கா கைதான் பாதி ஆராய்ச்சினு சொல்லுது."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "குழம்புல உப்பு இல்ல" என்றேன். உப்பு இருந்தது.

பிறகு அந்தப் பெண் ஒரு நாள் மார்க்கெட்டுக்கு மூன்று சின்னக் கப் எடுத்து வந்தாள். கூட என் மனைவியும் வந்தாள். மூன்றிலும் ஆரஞ்சு நிறத்தில் ஜெல்லி ஆடியது. அதில் இரண்டு கப், கடையில் வாங்கிய ஜெலட்டினில் செய்தது. ஒன்று நம் கிளாத்தித் தோலில் செய்தது. எதில் மீன் வாடை வருகிறது என்று நாங்கள் சொல்லவேண்டும்.

"நாள் பூரா மீனோட இருக்கீங்க. உங்க மூக்குக்கே தெரியலைன்னா வேற யாருக்கும் தெரியாது அண்ணா" என்றாள்.

படித்த பெண். அவளுக்கு இது தெரியவில்லை. மீன் வெட்டுகிறவனுக்கு மீன் வாடை ஏது? பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவன் எழுந்து போனால்தான் நம் மேல் வாடை இருப்பது நமக்கு ஞாபகம் வரும். மூன்று கப்பையும் முகர்ந்தேன். ஆரஞ்சு மிட்டாய் வாசனை. அவ்வளவுதான்.

பக்கத்துப் பலகைக்காரன் முகர்ந்தான். "ஒண்ணும் இல்லமா. துன்னலாமா?" என்று விரலை விட்டான்.

"உங்களுக்கு அண்ணா?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கண் நடுக் கப்பில் இருந்தது. பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல கீறதுல வருது" என்றேன். "லேசா."

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. நடுக் கப்தான் அது. நோட்டில் ஏதோ எழுதினாள். என் மனைவி கப்பை மூடி பையில் வைத்தாள்.

நான் பொய் சொன்னேன். காரணம் என்ன என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அந்தப் பொய்யால் வேலை கூடியது. பெரிய சார், தோலை ஆரம்பத்திலேயே இன்னும் நன்றாக அலசச் சொல்லிவிட்டாராம். அதனால் மார்க்கெட்டிலேயே ஐஸ் தண்ணியில் மூன்று தடவை அலசிப் பொட்டலம் கட்டவேண்டும். அவள் விரல் விறைத்துப் போகும். வாயில் வைத்து ஊதிக்கொள்வாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் பிள்ளையின் ஸ்கூலில் கூப்பிட்டிருந்தார்கள். அவள் சீக்கிரம் கிளம்பினாள். தோலை உரித்து வைத்துவிட்டாள்.

"மூணு தபா ஐஸ் தண்ணில அலசி, கவர்ல கட்டி, பொட்டில வெச்சிடு. மறக்காதே. மூணு தபா."

"தெரியும் போ."

"நாளைக்கு இதைத்தான் பெரிய சார் முன்னாடி போடறாங்க. சொதப்பிடாதே."

அவள் போனதும் தோலைப் பார்த்தேன். பழுப்பாக, வழவழவென்று கிடந்தது. ஐஸ் தண்ணியில் அலசினால் என்ன சுத்தம் வரும்? சுறாத் தோலின் மேல் மணல் மாதிரி இருக்கிற சொரசொரப்பையே நான் கொதிக்கிற தண்ணி ஊற்றித்தான் எடுக்கிறேன். புட்டுக்குப் போகிற சுறாவை எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். வாடையும் போகும், கசடும் போகும். இத்தனை படித்தவர்களுக்கு இது தெரியவில்லையே என்று நினைத்தேன். நாளைக்கு அந்தப் பெண் கவரைத் திறந்து, யார் இவ்வளவு சுத்தமாகக் கழுவியது என்று கேட்கவேண்டும். என் மனைவி என் பேரைச் சொல்லவேண்டும். அந்த ஆசைதான். கெடுக்க நினைக்கவில்லை. அப்படித்தான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

டீக்கடையில் கொதிக்கிற தண்ணி வாங்கி வாளியில் ஊற்றினேன். தோலைப் போட்டுக் குச்சியால் கிளறினேன். ஒரு வஞ்சிரம் வந்தது, வெட்டினேன். டீ குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் தோல் வெள்ளையாகச் சுருண்டிருந்தது. எனக்குத் திருப்தி. கவரில் கட்டி ஐஸில் வைத்தேன்.

வாளித் தண்ணியைக் கொட்ட முடியவில்லை. அன்றைக்குச் சாக்கடை அடைத்திருந்தது. வெளியே விட்டால் வாளி திருட்டுப் போகும். தண்ணியோடு தூக்கிப் பலகைக்கு அடியில் இருக்கிற பெரிய பெட்டிக்குள் ஐஸ் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன்.

காலையில் நான் எடுத்துக் கொடுத்த கவரை அவள் தன் சின்ன ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள். பிரித்துப் பார்க்க நேரமில்லை. அவள் போன பிறகு வாளியை வெளியே எடுத்தேன். தண்ணி ஆடவில்லை. விரலால் தொட்டேன். நுங்கு மாதிரி இருந்தது. வாளியைச் சாய்த்தால் மொத்தமாக அசைந்தது. கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். அதற்குள் சாக்கடை திறந்திருந்தது. கொட்டி, வாளியை மண் போட்டுத் தேய்த்தேன். வழுக்கிக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் வந்தாள். சமைத்தாள். பிள்ளைக்குப் போட்டாள். பிறகுதான் சொன்னாள்.

"ஒண்ணும் வரல."

"இன்னா வரல?"

"பசையே இறங்கல. தண்ணியாவே கீது. பெரிய சார் நின்னு பாத்துகினு இருந்தாரு. தோலே சுருங்கிப் போய்க் கீதாம். ஐஸ் பத்தலையோ இன்னாவோ."

அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை பார்ப்பார்களாம். அதுவும் வரவில்லை என்றால் மீன் கம்பெனியில் இருந்து தோலை வரவழைத்துக்கொள்வார்களாம். அப்போது இவள் தேவையில்லை.

எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. வெயிலில் வந்து பானைத் தண்ணி குடித்த மாதிரி இருந்தது. இனி செவ்வாய்க்கிழமையும் அவள் பலகையில் இருப்பாள். அதன் பிறகுதான் வாளி ஞாபகம் வந்தது. விரலில் அந்த வழுக்கல் ஞாபகம் வந்தது. பசை எங்கே இறங்கியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம், சொல்லவில்லை. அவள் இடையில் இரண்டு தடவை கேட்டாள்.

"என் கைல புளி கிளி ஏதாச்சும் இருந்திருக்குமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

திங்கட்கிழமை அவள் கட்டைவிரலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நகத்தை ஒட்ட வெட்டினாள். பிறகு செவ்வாய்க்கிழமைக்குத் தோல் உரிக்க உட்கார்ந்தாள். கீறல் போட்டாள். விரலை விட்டாள். உடனே இழுக்கவில்லை. விரலைப் பார்த்தாள். அப்புறம் இழுத்தாள். தோல் பாதியில் கிழிந்தது.

பதினொரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்பட்டிருக்கிறேன். அவள் அடுத்ததை எடுத்தாள். அதுவும் கிழிந்தது. சதை ஒட்டிக்கொண்டு வந்தது, என் கையில் வருவது போலவே. பக்கத்துப் பலகைக்காரன் கூட வாயைத் திறக்கவில்லை.

"சுடுதண்ணி ஊத்தினேன்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "எதுல?"

"அன்னிக்கு. தோல்ல. சுத்தமாவட்டும்னு."

"எவ்ளோ சூடு?"

"சுறாவுக்கு ஊத்தற சூடு."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு வஞ்சிரம் வெட்டி, டீ குடிச்சிட்டு வந்தேன்."

அவள் கையில் இருந்த மீனைக் கீழே வைத்தாள். "அந்தத் தண்ணி?"

"கொட்டிட்டேன்."

"எப்டி இருந்துச்சு?"

"நுங்கு மாதிரி."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "யோவ், நாலு வாரமா அங்க அத்தினி பேரு எதுக்குப் பாடுபட்டுகினு கீறாங்களோ, அத்தைச் சாக்கடைல கொட்டிட்டு வந்து, எனக்கு எப்படித் தெரியும்னு சொல்லிகினு இருந்திருக்கே."

பக்கத்துப் பலகைக்காரன் அப்போதுதான் சிரித்தான். "மச்சான், சாக்கடை எலி பூரா ஜெல்லி துன்னுகீது."

அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு நீ வர்றே. உன் வாயால சொல்றே."

அடுத்த மீனை எடுத்தாள். கீறல், விரல், ஒரு இழுப்பு. முழுசாக வந்தது.

செவ்வாய்க்கிழமை நான் பலகையைத் திறக்கவில்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொத்தேரிக்குப் போனேன். ரயிலில் அவள் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். நான் கதவோரம் நின்றேன்.

லேபில் எல்லாம் வெள்ளையாக இருந்தது. அவள் ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கை கழுவினாள். அவளுக்கு என்று ஒரு நாற்காலி. நான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் வந்தாள். சொன்னேன். மூன்று வரிதான். கோபப்படவில்லை. ஸ்டூல் எடுத்துப் போட்டாள். நோட்டைத் திறந்தாள்.

"எவ்வளவு தண்ணி அண்ணா? எந்த வாளி? தோல் எவ்வளவு இருக்கும்? ஐஸ் பக்கத்துல எவ்வளவு நேரம்?"

சொல்லச் சொல்ல எழுதினாள். என் வாழ்க்கையில் நான் சொன்னதை ஒருவர் உட்கார்ந்து எழுதியது அன்றுதான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சூடு அதிகமானால் பசை சீக்கிரம் இறங்கும், ஆனால் பலம் குறைந்துவிடும், அதனால்தான் கை பொறுக்கிற சூட்டில் வைக்கிறோம் என்று எனக்கு விளக்கினாள். நல்ல வேளை, அக்கா கையில் தப்பு இல்லை, சார்கிட்ட நான் சொல்லிக்கிறேன் என்றாள். பிறகு நோட்டை மூடிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, பெட்டியைத் திறங்க. ஆரம்பிக்கலாம்."

இரண்டு பேரும் தோலின் மேல் குனிந்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

அந்தத் தடவை பசை ஒழுங்காக இறங்கியது. மூன்று மாதம் முடிந்ததும் அவளை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தகவலோடு ஒரு கப் கொண்டு வந்தாள். ஆரஞ்சு நிறம். பிள்ளை பாதியைத் தின்றுவிட்டது. மீதியை என் முன்னால் வைத்தாள்.

"வாடை வருதா பாரு."

முகர்ந்தேன். "இல்ல."

அவள் கப்பை எடுத்துக்கொள்ளவில்லை. காத்திருந்தாள்.

"அன்னிக்கும் வரல" என்றேன்.

"தெரியும். உனக்கு ஏது மூக்கு? என் கண்ணைப் பாத்துதானே சொன்னே."

கரண்டியை நீட்டினாள். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இப்போது பலகையில் நான் மட்டும். கிளாத்தியும் நான்தான் உரிக்கிறேன். கொம்புக்குப் பின்னால் கீறல் போட்டு, விரலை விட்டு இழுப்பேன். பத்தில் நாலு முழுசாக வரும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். அதிலும் சிலதில் சதை ஒட்டியிருக்கும். சாயங்காலம் அவள் வந்து பார்த்து, நல்லதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வாள். மீதியைக் கூடையில் தள்ளுவாள். இன்னும் எனக்குப் பொறாமை போகவில்லை. தோலை மூன்று தடவை ஐஸ் தண்ணியில் அலசிக் கொடுக்கிறேன்.